கியர்பாக்ஸின் ஓசையும் அக்ரஹாரத்தின் காதும்

மைசூர் அரண்மனைக்குத் தெற்கே அக்ரஹாரம் என்றே பெயர் கொண்ட பகுதி இருக்கிறது. நூற்றொரு கணபதி கோயிலும் ராமானுஜ சாலையும் அங்கே உள்ளன. வீட்டுத் திண்ணைக்கும் தெருவுக்கும் இடையே ஒரு காரை நிறுத்தும் அளவுக்கே இடம் விட்டிருக்கும் பழைய தெருக்கள் அவை. அத்தகைய தெரு ஒன்றில் இப்படியொரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். பத்தாண்டு ஓடிய, கையால் கியர் மாற்றும் சிறிய கார். காலையில் இயக்கியவுடன் நியூட்ரலில் நிற்கும்போதே அடியிலிருந்து ஓர் உறுமல் எழுகிறது. கிளட்சை மிதித்தால் அது அடங்குகிறது. விட்டால் மீண்டும் வருகிறது. உரிமையாளர் ஓய்வூதியத்தில் வாழ்பவர். பணிமனையில் காரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்கிறார்கள். சொல்லப்படும் தொகை அந்தக் காரை விற்றால் கிடைக்கும் தொகைக்கு அருகில் நிற்கிறது.

அவர் முன் இரண்டு வழிகளே இருப்பதாகத் தோன்றும்: கேட்ட தொகையைக் கொடுப்பது, அல்லது காரைக் கைவிடுவது. உண்மையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. கிளட்சை மிதிக்கும்போது அடங்கும் அந்த உறுமல், பழுது எங்கே இருக்கக்கூடும் என்பதை ஏறத்தாழச் சொல்லிவிட்டது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அறிவு வீட்டில் இல்லாமல் போனதுதான் அவரது முதல் இழப்பு. பண இழப்பு அதன் பின்னர் வருவது. பழுது பார்ப்பது யார் கையில் இருந்தாலும், பழுதை அறிவது உரிமையாளரின் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

இந்த அறிவு கடினமானதன்று. கியர்பாக்ஸுக்குள் நிகழ்வதை ஒருமுறை மனத்தில் வரைந்துகொண்டால் போதும். எஞ்சின் சுழற்சி கிளட்ச் வழியாக உள்ளீட்டுத் தண்டுக்கு வருகிறது. அத்தண்டின் பல்சக்கரங்கள் மற்றொரு தண்டின் பல்சக்கரங்களோடு எப்போதும் கோத்தே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது சக்கரங்கள் இடம் பெயர்வதில்லை. தண்டோடு பிணைக்கப்படும் சக்கரம் எது என்பது மட்டுமே மாறுகிறது. அந்தப் பிணைப்பு நிகழுமுன் இரண்டின் வேகத்தையும் சமன்செய்வது சிங்க்ரோ வளையம். 1928இல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்த ஏற்பாடு இது. தண்டுகளைத் தாங்குபவை பேரிங்குகள். அடியில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் எண்ணெய். ஒவ்வொரு ஓசையும் இவற்றுள் ஒன்றின் குரலாகவே இருக்க முடியும்.

ஆகவே சோதனையும் எளிது. கார் நின்றிருக்க, நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். கிளட்ச் மிதிக்கப்படாத நிலையில் உள்ளீட்டுத் தண்டு சுழல்கிறது, மிதித்தால் நின்றுவிடுகிறது. மிதித்தவுடன் உறுமல் அடங்கினால், ஐயத்துக்குரியது அந்தத் தண்டின் பேரிங். மாறாக, மிதிக்கும்போதுதான் ஓசை பிறக்கிறது என்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கையே முதலில் ஐயுற வேண்டும். கியர்பாக்ஸின் உட்புறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நியூட்ரலில் இலேசான கடகடப்பு மட்டும் கேட்டு, கிளட்சை மிதித்ததும் மறைந்தால், அது பெரும்பாலும் சுமையின்றிச் சுழலும் சக்கரங்களின் சலசலப்பு. அதற்காக எதையும் திறக்க வேண்டியதில்லை. ரிவர்ஸில் மட்டும் கேட்கும் ஊளையும் பல கார்களில் இயல்பே. மற்ற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்க, ரிவர்ஸின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

அடுத்த சோதனை சாலையில். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை கேட்டால், பழுது அந்தக் கியரின் இணைச் சக்கரங்களில் இருக்கக்கூடும். பழைய நான்கு கியர் அம்பாசிடரில் மூன்று கியர்களிலும் கேட்ட ஓசை நான்காவதில் மறைந்தால், மெக்கானிக் உடனே பக்கத் தண்டைச் சொல்வார். அந்தக் காரின் நான்காவது கியர் நேரடிக் கியர். அதில் பக்கத் தண்டு சுமை ஏதும் தாங்குவதில்லை. மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் நேரடிக் கியரே கிடையாது என்பதால் அந்தச் சோதனை அங்கே செல்லாது. கியர் மாற்றும்போது மட்டும் 'நறநற'வென்று அரைத்தால், முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்பதை. கேபிள் தளர்ந்திருந்தாலே அந்த ஓசை வரும். கேபிள் சரியாக இருந்து, ஏதோ ஒரு கியருக்கு மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம்.

கியர்பாக்ஸின் மேல் சுமத்தப்படும் பழிகளுள் ஒரு பகுதி அதனுடையதே அன்று. ஆளற்ற நேரான சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்கு மாற்றிச் சற்றுத் தொலைவு உருளவிட்டுக் கேட்க வேண்டும். எஞ்சின் வேகம் இறங்கியும் ஓசை இறங்காமல், சாலை வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்கினால், அது சக்கரப் பேரிங்கிலோ டயரிலோ டிஃபரென்ஷியலிலோ இருந்து வருவது. இடப்பக்கம் வளையும்போது ஓசை ஓங்கினால், சுமை ஏறும் வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். திருப்பங்களில் 'டக் டக்' என்று வந்தால், அது ஆக்சில் முனையின் இணைப்பு. சாலையின் பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் அது டயர். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கி கிழிந்தாலும், கியர்பாக்ஸின் இயல்பான ஓசையே பெரிதாகி உள்ளே வரும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டியதில்லை. இவற்றை விலக்காமல் இறக்கப்பட்ட கியர்பாக்ஸ்கள், மீண்டும் ஏற்றப்பட்ட பின்பும் அதே ஓசையோடு ஓடுகின்றன.

மேலே வந்த சொற்களைக் கவனிக்க வேண்டும்: உறுமல், ஊளை, கடகட, நறநற, டக் டக். தொல்காப்பியக் காலம் தொட்டு இரட்டைக்கிளவியை இலக்கணத்துள் வைத்துப் பேணும் மொழி தமிழ். ஒலியின் நுண்ணிய வேறுபாட்டைச் சொல்லாக்கும் வளம் அதில் மிகுதி. 'கரகர' என்பதும் 'கடகட' என்பதும் கேட்பவர்க்கு ஒன்றல்ல. பழுதிலும் அவை ஒன்றல்ல. தேய்ந்த பேரிங் கரகரக்கும். தளர்ந்த பாகம் கடகடக்கும். பணிமனைக்குச் செல்பவர் "ஏதோ சவுண்ட் வருகிறது" என்று மட்டும் சொன்னால், பணிமனை தன் விருப்பப்படி அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளும். "நியூட்ரலில் கரகரக்கிறது, கிளட்சை மிதித்தால் நிற்கிறது, ஓட்டத்தில் எல்லாக் கியரிலும் இருக்கிறது" என்று மூன்று வாக்கியம் சொன்னால் உரையாடலே மாறிவிடும். நோயாளி தன் வலியைச் சரியாகச் சொல்லும்போது மருத்துவரின் வேலை பாதி முடிகிறது. அதற்கு நோயாளி மருத்துவராக வேண்டியதில்லை.

அறிதலுக்குப் பின் செய்தல். வீட்டிலேயே செய்யத்தக்கவற்றுள் முதலாவது எண்ணெய். எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுபவர்களும் கியர் எண்ணெயைப் பல ஆண்டுகள் மறந்துவிடுகிறார்கள். ஆக்சில் முனையில் உள்ள சீல் கசிந்து, எண்ணெய் பாதியாகக் குறைந்திருக்க, பேரிங் மட்டும் எப்படிப் பேசாமல் இருக்கும்? எண்ணெயை இறக்குமுன், நிரப்பும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எண்ணெய் முழுவதையும் இறக்கிய பிறகு அந்த மூடி துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்டால், கார் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். பல கார்களில் நிரப்பும் துளையின் விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கும் அளவே சரியான அளவு. அப்போது கார் சமதளத்தில் நிற்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதும் கவனத்துக்குரியது. ஜிஎல்-5 என்ற தரம் ஜிஎல்-4ஐ விட எண்ணில் உயர்ந்தது என்பதற்காக அதை வாங்கி ஊற்றுபவர்கள் உண்டு. டிஃபரென்ஷியலின் கடும் அழுத்தத்துக்காகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் மிகுதி. அவற்றுள் சில, பித்தளையாலான சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்; வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். கார் கையேட்டில் எழுதியிருக்கும் தரமே அந்தக் காருக்கு உயர்ந்த தரம்.

இறங்கிய எண்ணெய் ஓர் ஆவணம். மூடியின் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால், அது வயதின் இயல்பான தேய்மானம். செதிலாக இரும்புத் துண்டுகள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. எண்ணெயில் பொன்னிறத் துகள் மின்னினால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. காந்தம் அதைப் பிடிப்பதில்லை. பழைய எண்ணெயைத் தெருச் சாக்கடையில் கவிழ்ப்பவருக்குப் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசும் தகுதியில்லை. அதைக் குப்பியில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் பணிமனையில் கொடுப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருவரும் படுக்கக் கூடாது. சமமான கெட்டித் தரையில் தாங்கிகளை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்த பிறகே அடியில் போகலாம். அக்ரஹாரத்துத் தெருக்களில் அத்தகைய தரை எல்லா வீட்டுக்கும் வாய்க்காது. இல்லாதவர் கேட்பதோடும் எழுதிவைப்பதோடும் நின்றுவிடலாம். அதனால் அவர் அறிவு குறைந்துவிடாது.

பேரிங்தான் பழுது என்று உறுதியானால் கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். இங்கே வீட்டு ஆர்வத்துக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, ஆக்சில்களை உருவி, முப்பது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ஒரு பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். வளையப் பூட்டுகளும் மெல்லிய தகடுகளும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் திரும்ப வேண்டும். பேரிங்கை உருவ இழுவைக் கருவியும், பதிக்க அழுத்தப் பொறியும் தேவை. சுத்தியலால் அடித்துப் பதித்த புதிய பேரிங் விரைவில் பழையதாகும். பழகிய கையும் கருவியும் உள்ள ஒரு சிறிய பணிமனையில் இதைச் செய்விப்பதே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

ஆனால் பேரிங்கை மாற்றுவதும் கியர்பாக்ஸையே மாற்றுவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டில்தான் உரிமையாளரின் சேமிப்பு இருக்கிறது. பேரிங்கின் வளையத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. உலகில் எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும் என்பது பேரிங் கடைக்காரர்களின் வாய்பாடு. கியர்பாக்ஸுக்கென்றே தனியாகச் செய்யப்படும் பேரிங்குகளும் உண்டு. அவற்றுக்கு அந்த எண்ணைக் கேட்டே அலைய வேண்டும். எனினும், பொது எண் கொண்ட ஒரு பாகத்துக்காக முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லும் பரிந்துரையை ஏற்குமுன், "எந்த பேரிங், என்ன எண்?" என்ற ஒரு கேள்வியையாவது கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கேள்வி ஏன் நம் வீடுகளில் எழுவதில்லை? அக்ரஹாரம் என்பது ஒரு மைசூர்ப் பகுதியின் பெயர் மட்டுமன்று. அறிவைப் பற்றிய ஒரு பழைய ஏற்பாட்டின் பெயருமாகும். ஓதுவோர்க்கென்று அளிக்கப்பட்ட குடியிருப்பு அது. அங்கே கல்வி காதின் வழி வந்தது. ஒரு மாத்திரை நீண்டாலும் ஒரு ஸ்வரம் பிசகினாலும் கேட்டவுடன் திருத்தும் காது அங்கே பயின்றது. வீணை சேஷண்ணாவின் ஊரான மைசூரில் சுருதியறிந்த செவிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எனினும் அந்தக் காதுக்கும் எண்ணெய் படிந்த கைக்கும் நடுவே சாதி ஒரு சுவரை எழுப்பியிருந்தது. கேட்டறிவது கல்வி எனப்பட்டது. கழற்றிப் பூட்டுவது தொழில் எனப்பட்டது. முன்னது உயர்ந்ததாகவும் பின்னது தாழ்ந்ததாகவும் வைக்கப்பட்டன. மெழுகில் 24 மெட்டுகளையும் சுருதி பார்த்துப் பதிக்கும் வீணைக் கைவினைஞரிடம் காதும் கையும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் மேடையின் புகழ் அவரிடம் அரிதாகவே வந்தது.

அதே மைசூரில் மற்றொரு பள்ளியும் இருந்தது. யாதவகிரியில் 1961இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை, 1996இல் மூடப்படும் வரை, ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. உதைத்து இயக்கும் லீவரே கியர் லீவராகவும் மாறும் அந்த வண்டிகள், ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும் ஓடுகின்றன. அவற்றை ஓட வைத்திருப்பவர்கள், ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் மெக்கானிக்குகளும் அவர்களிடம் கற்ற உரிமையாளர்களுமே. நீண்ட திருப்புளியின் முனையைப் பெட்டியின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, எந்த பேரிங் கரகரக்கிறது என்று கேட்பது பணிமனைகளில் பழகிய முறை. 1816இல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இரண்டும் ஒரே செயல். ஒன்றை மருத்துவம் என்றும் மற்றதைக் கைவேலை என்றும் பிரிப்பது நம் பழக்கமே தவிர, அந்தச் செயல்களில் உள்ள வேறுபாடன்று.

ஆகவே தவறு முழுவதையும் நிறுவனங்களின் மேல் போட்டுவிட முடியாது. அவற்றின் பங்கும் சிறிதன்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்கும் தனிப் பணிமனைகளுக்கும் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதே குற்றச்சாட்டு. தனிப் பணிமனையில் வேலை செய்வித்தார் என்பதற்காக மட்டுமே உத்தரவாதம் முழுவதும் இரத்தாகும் என்று பொதுவான நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் ஆணையம் கூறியது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் கார் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தை 2012இல் வாக்களித்தே ஏற்றனர். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. இணையதளம் ஒரு வாயில் மட்டுமே. பணிமனைக் கையேடும், பாகங்களின் எண் பட்டியலும், தனித்தனிப் பாகமாக வாங்கும் வசதியும் சட்டப்படி கிடைக்கும்வரை இந்த உரிமை நிறைவு பெறாது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. வேலைக்குச் செல்பவர்க்கு நேரம் எங்கே என்பது ஒன்று. மேலே சொன்ன கேட்டறியும் சோதனைகள் அனைத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். அரைகுறை அறிவு ஆபத்தானது என்பது மற்றொன்று. அரைகுறை அறிவோடு பெட்டியைத் திறப்பது ஆபத்து. கேட்டு, எழுதி, கேள்வி கேட்பதில் அத்தகைய ஆபத்து இல்லை. மின்சாரக் கார்கள் வந்துவிட்டன, கியர்பாக்ஸ் இனி எதற்கு என்பது மூன்றாவது. மின்சாரக் காரிலும் பெரும்பாலும் ஒற்றைக் குறைப்புப் பல்சக்கரப் பெட்டி உண்டு. அதிலும் பேரிங்குகள் உண்டு. எஞ்சினின் இரைச்சல் இல்லாததால் அவற்றின் குரல் இன்னும் தெளிவாகவே கேட்கும். கேட்கத் தெரிந்த காது அப்போதும் வேண்டும்.

அக்ரஹாரத்துத் தெருவில் நிற்கும் அந்தக் காருக்குத் திரும்பலாம். அதன் உரிமையாளர் ஸ்பானரைத் தொட வேண்டுமென்றுகூட இல்லை. ஒரு தாளில் மூன்று வாக்கியங்களை எழுதிக்கொண்டு, எண்ணெயின் அளவைப் பார்க்கச் செய்து, இரண்டாவது பணிமனைக்குப் போய், "உள்ளீட்டுத் தண்டின் பேரிங்காக இருக்குமா?" என்று கேட்டால் போதும். அங்குள்ள மெக்கானிக் ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்ப்பார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு காரின் பக்கம் குனிவார். அந்தக் கணத்தில் இருவரும் ஒரே ஓசையைக் கேட்கிறார்கள். பேரமும் நம்பிக்கையும் அங்கிருந்துதான் நேர்மையாகத் தொடங்க முடியும். இந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற காது இன்னும் இருக்கிறது. அது காரின் அடியிலும் சற்றுக் கேட்கட்டும்.